வாடை வந்தால்

நவம்பர் 19, புதன்

ஜெசிந்தா எங்கள் பிள்ளையின் பழைய நோட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்து, "வீட்டுல வந்து கத்தாதிய. எல்லாத்தையும் இதுல எழுதிட்டு, சோத்துக்கு மட்டும் வாய தொறங்க" என்று சொல்லிவிட்டாள். பெண்டாட்டி சொன்னால் அப்பீல் கிடையாது. எழுதுகிறேன்.

இன்று நான் வேலை பார்க்கும் கேஸ் பிளாண்டின் தெற்கு வேலியில் ஒரு போர்டு நட்டார்கள். மஞ்சள் தகரத்தில் சிவப்பு எழுத்து. "வடை வந்தால் உடனே அடுப்பை அணைக்கவும். தீ கூடாது."

வடையாம்! பெயிண்டர் ஒரு துணைக்காலை விழுங்கிவிட்டான். வேலிக்கு அந்தப் பக்கம்தான் என் அக்கா சூசையம்மாளின் டீக்கடை. காலையில் உளுந்தவடை போடுவாள். டேங்கர் டிரைவர்கள் போர்டைப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். "வடை வந்துட்டு, அடுப்ப அணைங்கக்கா" என்று முபாரக்கும் சேர்ந்துகொண்டான். டேங்கர் நிரப்பும் இடத்து ஆபரேட்டர் அவன். அவனுக்கே சிரிப்பு என்றால் மற்றவனைச் சொல்லி என்ன? மதியத்துக்குள் பெயிண்டர் ஒரு காலை இடுக்கி நுழைத்து "வாடை" ஆக்கிவிட்டான். சரியாகிவிட்டது என்று எல்லோரும் கலைந்து போனார்கள்.

எங்கே சரியானது? முதலில் அது தமாஷாக இருந்தது. இப்போது பொய்யாகிவிட்டது.

பைப்லைனில் எங்களுக்கு வரும் கேஸில் நாற்றம் உண்டு. கசிந்தால் மூக்குக்குத் தெரியட்டும் என்று வேண்டுமென்றே கலப்பது. நாங்கள் அதை வாங்கி, அதிலுள்ள ஈரம், கார்பன் டை ஆக்சைடு, பாதரசம் என்று எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, பூஜ்யத்துக்குக் கீழே நூற்று அறுபது டிகிரிக்குக் குளிரவைத்துத் தண்ணீர் மாதிரி ஆக்குகிறோம். அறுநூறு அண்டா கேஸ் ஒரே அண்டாவில் அடங்கிவிடும். பைப்லைன் போகாத ஊர்களுக்கு அதுதான் டேங்கரில் போகிறது. சுத்தம் பண்ணும்போது அந்த நாற்றமும் போய்விடும். ஆகவே டேங்கர் நிரப்பும் இடத்தில் கசிந்தால் வாடையே வராது. வெள்ளைப் புகை மாதிரி ஒன்று தரையோடு தவழ்ந்து வரும். ஒரு பொறி பட்டால் போதும், கதை முடிந்தது.

இதை மேலாளர் தேவநாதன் சாரிடம் போய்ச் சொன்னேன். முன்பு சமையல் சிலிண்டர் நிரப்பும் ஆலையில் இருந்தவர். அங்கே இருந்த வாசகத்தையே இங்கேயும் எழுதச் சொல்லியிருக்கிறார்.

"ராயப்பன், ஜனங்களுக்குப் புரியற மாதிரிதான் எழுதணும். வாடையே இல்லாம கேஸ் கசியும்னு எழுதினா நாளைக்கே ஊரு திரண்டு கேட்டுக்கு வந்துடும். தை மாசம் திறப்பு விழா. புரியுதா?"

புரிந்தது. புரிந்ததால்தான் வயிறு எரிகிறது.

நவம்பர் 22, சனி

ஷிப்ட் முடிந்து அக்கா கடைக்குப் போனேன்.

"அக்கா, அந்த போர்ட நம்பாத. இங்க கசிஞ்சா வாடை வராது."

"ஒன் கம்பெனி வச்ச போர்டு. நீயே நம்பாதங்க. பொறவு எதுக்குல அங்க சம்பளம் வாங்குத?"

"கடைய கோயில் முக்குக்கு மாத்திரு. நான் கொட்டகை போட்டுத் தாரேன்."

டீ ஆற்றிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். "ஆபிசர்மாரு கார்ல போற வழில அக்காக்காரி டீ ஆத்துனா ஒனக்குக் கொறச்சலா இருக்கு. அதச் சொல்லு. கேஸு மேல பழிய போடாத."

என்ன அநியாயம்! அவள் உயிருக்காகப் பேசினால் என் கௌரவத்துக்காகப் பேசுகிறேன் என்கிறாள். பிளாண்ட் ஆட்கள் முன்னால் "ஏல" என்று கூப்பிடாதே என்று போன மாதம் சொன்னது உண்மைதான். எனக்குக் கீழே ஆட்கள் வேலை பார்க்கிறார்கள், ஒரு மரியாதை வேண்டாமா? அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? வீட்டுக்கு வரும் வழியெல்லாம் யோசித்துப் பார்த்தேன். ஒரு சம்பந்தமும் இல்லை.

பாத்ரூம் குழாய் சொட்டுகிறதாம். ஞாயிற்றுக்கிழமை பார்க்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

நவம்பர் 27, வியாழன்

காலையிலிருந்தே வடக்குக் காற்று. பிளாண்ட் உச்சியில் திசை காட்டும் காற்றுப்பை விறைத்துக்கொண்டு தெற்கே நீட்டி நின்றது. எங்கள் ஊர் புன்னைத்துறையில் ஒரு படகும் இறங்கவில்லை. கண்ணிலும் வாயிலும் மணல்.

அக்கா கடையில் அடுப்பில் நெருப்பே இல்லை. நான் போனதும் பிளாஸ்கைத் திறந்து ஒரு கிளாஸ் ஊற்றி நீட்டினாள். ஆறிப்போன டீ. பாலாடை உதட்டில் ஒட்டியது.

"சூடா இல்லையா?"

"இன்னைக்கு இதுதான்."

சனிக்கிழமை சண்டைக்கு வியாழக்கிழமை பழி. இந்த வீம்பு எங்கள் குடும்பச் சொத்து. அம்மை சாகும்போது எங்களுக்கு விட்டுப் போனது அது ஒன்றுதான்.

டிசம்பர் 2, செவ்வாய்

கோல்டு பாக்ஸ் அடைத்துக்கொண்டது. கேஸைக் குளிரவைத்துத் திரவமாக்கும் அந்தப் பெட்டிக்குள் போகும் வழிகள் நூல் பருமன்தான் இருக்கும். கேஸில் துளி ஈரம் இருந்தாலும் அங்கே பனிக்கட்டியாகி அடைத்துவிடும். ஈரம் உறிஞ்சும் தொட்டியை இன்னும் கொஞ்ச நேரம் சூடுபண்ணி உலர்த்தவேண்டும் என்று நேற்றே கத்தினேன். "டேங்கர் காத்துக்கிட்டிருக்கு, மாத்துங்க" என்றார் தேவநாதன் சார். அரைகுறையாக உலர்ந்த அந்தத் தொட்டிக்கே கேஸை மாற்றினோம். இன்று மொத்த பிளாண்டையும் நிறுத்திவிட்டு, பெட்டி இளகட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சொன்னவன் எங்கள் மேலாளரைப் பார்த்துத்தான் சொல்லியிருப்பான்.

வெறுமே உட்கார்ந்திருந்ததில் அந்தப் போர்டு ஜன்னல் வழியாகக் கண்ணைக் குத்திக்கொண்டே இருந்தது.

குழாய் இன்னும் சொட்டுகிறது. "ஊரு கசிவெல்லாம் அடைக்க போறிய. வீட்டுக் குழாய்க்கு ஒரு வாஷர் போட ஆளில்ல" என்கிறாள் ஜெசிந்தா.

டிசம்பர் 8, திங்கள்

மாதா திருநாள். கோயிலில் அக்காவைப் பார்த்தேன். நான் ஆண்கள் பக்கம், அவள் பெண்கள் பக்கம். பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரத்தில் எனக்கு முன்னால் நின்ற முன்பின் தெரியாத ஆளுக்கெல்லாம் கும்பிடு போட்டேன். அவள் இருந்த பக்கம் திரும்பவில்லை. அவளும்தான் திரும்பவில்லை.

மதியம் டூட்டி. காற்றே இல்லை, மரத்தில் இலை அசையவில்லை. கடையில் அடுப்பு ஜோராக எரிந்தது. கேட்காமலே சூடான டீயும் இரண்டு வடையும் வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. திருநாள் அன்றைக்கு இரங்கியிருக்கிறாள் போலிருக்கிறது.

அந்த போர்டை எடுக்கச் சொல்லித் தலைமை அலுவலகத்துக்கே எழுதிவிட்டேன். தேவநாதன் சார் குதிக்கட்டும்.

டிசம்பர் 13, சனி

குதித்தார்.

"என்னைத் தாண்டி மேலிடத்துக்கு எழுதியிருக்கீங்க. அந்தப் போர்டு இருக்கிறதால என்ன நஷ்டம் உங்களுக்கு?"

"வாடை வராத கேஸுக்கு வாடை வரும்னு எழுதியிருக்கீங்க சார். வாடை வரும் வரும்னு அடுப்பை எரியவிட்டுக்கிட்டே இருப்பாங்க."

"அப்படியா? உங்க அக்கா கடையைத்தானே சொல்றீங்க? முதல்ல அவங்களை அங்கேருந்து கிளப்புங்க. புறம்போக்குல கடை போட்டுட்டு, கம்பெனிக்குப் பாடம் எடுக்க வந்துட்டீங்க."

புறம்போக்காம்! அதுதான் அதிக எரிச்சல். டிரைவர்களுக்கு டீ வேண்டும் என்று கட்டுமானம் நடந்தபோது அவளை அங்கே உட்காரச் சொன்னதே இந்தக் கம்பெனிதான்.

அந்தச் சூட்டோடு கடைக்குப் போனால், காற்று பிய்த்துக்கொண்டு போகிறது, அடுப்பு அணைந்து கிடக்கிறது, மறுபடியும் பிளாஸ்க். என்னால் பொறுக்க முடியவில்லை.

"எனக்குன்னா மட்டும் ஆறின டீயா?"

"எல்லாருக்கும் அதுதான்."

"அன்னைக்கு அடுப்பு எரிஞ்சுதே?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, போர்டைப் பார்த்துத் தாடையை ஆட்டினாள். "படிச்சவன்லா நீ? வாசிக்கத் தெரியும்லா?"

குத்திக்காட்டுகிறாள். நான் தலைகீழாக நின்று எதிர்க்கும் போர்டை எனக்கே காட்டிக் கேலி பண்ணுகிறாள். டீயை மணலில் கொட்டிவிட்டு வந்தேன். இனி அந்தக் கடைப் பக்கம் போனால் என் பெயர் ராயப்பன் இல்லை.

டிசம்பர் 19, வெள்ளி

வாஷர் வாங்கினேன். அளவு சேரவில்லை.

டிசம்பர் 25, வியாழன்

அக்கா வரவில்லை. பிள்ளைக்குச் சட்டையும் ஒரு தூக்கு நிறைய முந்திரிக்கொத்தும் யார் கையிலோ கொடுத்தனுப்பினாள். நான் தொடவில்லை. மாலையில் தூக்கு காலியாக இருந்தது. பிள்ளை தின்றிருப்பான்.

ஜனவரி 6, செவ்வாய்

எழுத்து கோணலாக வந்தால் வரட்டும்.

காலை எட்டரை இருக்கும். கண்ட்ரோல் ரூமில் இருந்தேன். டேங்கர் நிரப்பும் இடத்துக் கேஸ் கருவி ஒன்று அலறியது. அடுத்தது, அதற்கடுத்தது என்று வரிசையாகத் தெற்குப் பக்கம் முழுக்கச் சிவப்பு. டேங்கரில் மாட்டியிருந்த ஹோஸின் இணைப்பு பிளந்துவிட்டது. முபாரக் அவசர பொத்தானை அடித்துவிட்டான், வால்வுகள் மூடிக்கொண்டன. நல்ல பையன், சிரித்ததையெல்லாம் மன்னித்துவிட்டேன். ஆனால் அதற்குள் வெளியே வந்தது வந்துவிட்டது.

ஜன்னலில் பார்த்தேன். வெள்ளையாகத் தரையோடு படர்ந்து, வேலிக் கம்பிக்குள் புகுந்து, காற்று தள்ளத் தள்ளத் தெற்கே போகிறது. தெற்கே என்றால் அக்கா கடை. காலை எட்டரை மணி. வடை நேரம்.

யார் என்ன சொன்னார்கள் என்று நினைவில்லை. ஓடக்கூடாத இடத்தில் ஓடினேன். கேட்டைத் தாண்டியபோது பார்த்தால் கடையின் பெஞ்சு இல்லை, மேசை இல்லை, வெறும் கூரை மட்டும் வெள்ளையில் மிதக்கிறது. இப்போது பிடிக்கும், இப்போது பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டே நின்றேன். "அக்கா!" என்று நான் போட்ட சத்தம் கடல் வரை கேட்டிருக்கும்.

பிடிக்கவில்லை. காற்று அதைக் கலைத்து இழுத்துக்கொண்டு போய்விட்டது. பெஞ்சு வெளியே வந்தது. மேசை வந்தது. அடுப்பு வந்தது. அடுப்பில் சாம்பல். சாம்பலில் தண்ணீர் தெளித்த கருப்பு.

அவள் ரோட்டுக்கு அந்தப் பக்கம் உடைமரத்தடியில் இரண்டு டிரைவர்களோடு நின்றுகொண்டிருந்தாள். கையில் பிளாஸ்க். புகையைக் கண்டதும் அவர்களையும் இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறாள்.

கட்டிப்பிடித்து அழுதிருக்கலாம். நான் செய்தது வேறு. "அடுப்ப ஏன் அணைச்ச?" என்று கத்தினேன். என் வாயில் அந்தக் கேள்விதான் வந்தது. என்ன மூளையோ!

"அணைச்சதுக்குமால திட்டுத?" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, பிளாஸ்கைத் திறந்து ஒரு கிளாஸ் ஊற்றி நீட்டினாள். ஆறின டீதான். குடித்தேன். மணலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

என்மேல் இருந்த கோபத்தில் அணைத்த அடுப்பு அவளைக் காப்பாற்றியிருக்கிறது. வீம்பும் ஒரு நாள் உதவும் போலிருக்கிறது.

ஜனவரி 8, வியாழன்

தேவநாதன் சார் சந்தோஷமாக இருக்கிறார்! பிளாண்ட் வெடித்திருக்கவேண்டியது, மனிதர் ஏதோ பரிசு வாங்கினவர் மாதிரி நடக்கிறார். என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து டீ வேறு.

"பாத்தீங்களா ராயப்பன்? போர்டு வேலை செஞ்சிருக்கு. உங்க அக்கா வாடை பிடிச்சு அடுப்பை அணைச்சிருக்காங்க."

"அதுக்கு வாடை கிடையாது சார்."

"அவங்களே சொல்றாங்க. முபாரக் கேட்டானாம். 'வாடை வந்துச்சு, அணைச்சேன்'னு சொன்னாங்களாம். விசாரணைக்குச் சென்னையிலிருந்து மேடம் வர்றாங்க. அதையே அங்கேயும் சொல்லட்டும். போர்டு தப்புன்னு நீங்க எழுதின கடுதாசிக்கும் அன்னைக்கு ஒரு முடிவு தெரிஞ்சிடும்."

வெளியே வந்து முபாரக்கின் சட்டையைப் பிடிக்காத குறை. ஆமாம், அப்படித்தான் சொன்னாள் என்கிறான்.

ஜனவரி 9, வெள்ளி

ஜெசிந்தா மீன் வாங்கப் போன இடத்தில் கேட்டுவந்த செய்தி: பிளாண்டுக்குள் கேண்டீன் திறக்கப்போகிறார்களாம். சூசையம்மாளுக்குத்தான் கொடுக்கப்போகிறார்களாம். தேவநாதன் சாரே கடைக்கு வந்து சொல்லிவிட்டுப் போனாராம்.

அப்படிப் போகிறதா சங்கதி? ஒரு கேண்டீன். அதற்கு ஒரு பொய். திங்கட்கிழமை விசாரணையில் அவள் "வாடை வந்தது" என்று சொல்வாள். மேடம் எழுதிக்கொள்வார். அந்த போர்டு நிரந்தரமாகிவிடும், இந்தக் கம்பெனியின் அடுத்த பிளாண்டிலும், அதற்கடுத்த பிளாண்டிலும் அதையே நடுவார்கள். எங்கோ ஒரு டீக்கடையில் ஒருத்தி வாடை வரட்டும் என்று காத்துக்கொண்டு அடுப்பை ஊதுவாள். அவளுக்கு வீம்பு பிடித்த தம்பி இருக்கமாட்டான்.

கருவாடு விற்று என்னை ஐடிஐ படிக்கவைத்தவள் இவள். பொய் சொன்னதற்காக என்னைத் தென்னை மட்டையால் விளாசினவளும் இவள்தான். "போய் அக்காகிட்ட நேர்ல கேளுங்க" என்கிறாள் ஜெசிந்தா. கேட்கமாட்டேன். கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

ஜனவரி 12, திங்கள்

இன்று நடந்ததை வரிசையாக எழுதிவிடுகிறேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது என்பதையும் இங்கேயே எழுதிவிடுகிறேன்.

விசாரணை மேடம் நடுவில். பக்கத்தில் தேவநாதன் சார். சுவரோரம் நான், முபாரக், இன்னும் நாலைந்து பேர். அக்கா கோயிலுக்குக் கட்டும் சேலையில் வந்திருந்தாள். நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். நுனியில் உட்கார்ந்தாள்.

"அம்மா, அன்னைக்கு அடுப்பை ஏன் அணைச்சீங்க?"

"வாடை வந்துச்சு. அணைச்சேன்."

தேவநாதன் சார் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"எப்ப வந்துச்சு?"

"வெள்ளனயே வந்துட்டு. கோயில் மணி அடிக்கதுக்கு முன்னாலயே."

மேடம் நிமிர்ந்தார். "கசிவு நடந்தது எட்டரை மணிக்கு."

"அதுக்கு முன்னாலேயே லேசா கசிஞ்சிருக்கும் மேடம்" என்றார் தேவநாதன் சார். "அவங்க மூக்குக்குத் தெரிஞ்சிருக்கு."

எனக்குள் என்னவோ அறுந்தது. எழுந்துவிட்டேன். "பொய்! அந்த கேஸுக்கு வாடையே கிடையாது! ஒரு கேண்டீனுக்காக இப்படிப் பொய் சொல்லுதியே அக்கா, ஒனக்கு வெக்கமா இல்ல?"

அக்கா மெல்ல எழுந்தாள். தலைமை அலுவலகத்து மேடம், மேலாளர், எனக்குக் கீழே வேலை பார்க்கும் ஆட்கள், அத்தனை பேர் முன்னாலும் கூப்பிட்டாள்.

"ஏல ராயப்பா."

முபாரக் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"கேஸுக்கு வாடை கெடையாது, கெடையாதுன்னு நீதான்ல நூறு மட்டம் சொன்ன. நான் எப்பம்ல கேஸு வாடைன்னேன்? வாடை வந்துச்சுன்னேன். வாடை! வடக்கேருந்து அடிக்குமே, படகு எறங்காதே, அதுக்கு என்னல பேரு? குஜராத்துல பதினாறு வருசம் வேல பாத்ததுல அதுவும் மறந்துபோச்சா?"

முபாரக்தான் முதலில் "அல்லாவே" என்றான்.

வாடை. வாடைக்காற்று. மேற்கே கச்சான், கிழக்கே கொண்டல், தெற்கே சோழகம், வடக்கே வாடை என்று இந்தக் கரையில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியாமல் போயிற்று. என் வேலை என்னைக் காற்றுப்பையைப் பார்க்கப் பழக்கியது, காற்றின் பெயரை மறக்கடித்துவிட்டது. நவம்பரிலிருந்து காற்று வடக்கே இருந்து அடித்த நாளெல்லாம் அவள் அடுப்பை அணைத்திருக்கிறாள். நான் ஆறின டீக்குக் கணக்குப் பார்த்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

மேடம் பேனாவைக் கீழே வைத்தார். "அப்ப போர்டுல இருக்கிறது..."

"அதத்தாம்மா சொல்லுதேன். வாடை வந்தா அடுப்ப அணைக்கணும், தீ கூடாது. எங்க அம்மை வாய்க்கு வாய் சொல்லுத சொல்லு அது. வாடையிலதான் எங்க தெரு எரிஞ்சுது, ஓலைவீடு ஒண்ணு மிச்சமில்ல. அப்பம் இவன் கைப்பிள்ள. நான்தான் தூக்கிட்டு ஓடுனேன். இங்கயும் வாடை அடிச்சா, அங்க உள்ளதெல்லாம் நேர எங் கடைக்குத்தான வரும்?"

அவள் என் பக்கம் திரும்பினாள். குரல் இறங்கிவிட்டது.

"அந்த போர்ட பாத்ததும் நீதான் எழுதச் சொல்லிருக்கன்னு நெனச்சேன்ல. அம்மை சொன்னது அப்பிடியே இருந்துச்சே. மூஞ்சத் தூக்கிட்டுத் திரிஞ்சாலும், அக்கா அங்க அடுப்பெரிக்காளேன்னு நெனச்சிருக்கானேன்னு..."

முடிக்கவில்லை. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு மேடத்திடம் சொன்னாள்: "எழுதிக்கிடுங்கம்மா. வாடை வந்துச்சு. வாடை வரல."

அந்த போர்டைப் பிடுங்கச் சொல்லித்தான் நான் மேலிடத்துக்கு எழுதினேன். நான் பிடுங்கியிருந்தால் இன்று அவள் இல்லை.

தேவநாதன் சார் நேராக உட்கார்ந்திருந்தார். கேண்டீனைப் பற்றி மேடம் கேட்டபோது அக்கா, "பொய் சொன்னாத்தான் தருவாவளாம். எனக்கு வேண்டாம்" என்றாள்.

ஜனவரி 13, செவ்வாய்

நான் இன்னும் என்னத்தைச் சொல்ல? போர்டை மாற்றிவிட்டார்கள். ஒரே நாளில்! நவம்பரிலிருந்து முடியாது என்று சொன்னது ஒரே நாளில் முடிந்திருக்கிறது.

புதிய போர்டு: "துர்நாற்றம் வந்தால் உடனே அடுப்பை அணைக்கவும். தீ கூடாது."

துர்நாற்றம்! பல்லைக் கடித்துக்கொண்டு மேலாளர் அறைக்குப் போனேன்.

"வாடைன்னா குழப்பம் வருதுன்னு நேத்து உங்க அக்காவே நிரூபிச்சிட்டாங்களே. இப்ப குழப்பமே இல்லை" என்கிறார்.

குழப்பம் இல்லைதான். அந்தப் பழைய போர்டில் பாதி உண்மையாவது தெரியாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. அதையும் சுரண்டி எடுத்துவிட்டு, சுத்தமான பொய்யாக எழுதி நட்டிருக்கிறார். நாங்கள் கேஸைச் சுத்தம் பண்ணுகிற மாதிரி.

"இதை நான் விடமாட்டேன் சார். மேடத்துக்கு எழுதுவேன். ஊர்க் கூட்டத்திலயும் சொல்வேன்."

"வேலை வேண்டாமா?"

"வேலை வேணும். அதனாலதான் சொல்றேன்."

மேடத்துக்கு எழுதிவிட்டேன். பதில் வரும்வரை டிரைவர்களிடம் ஒவ்வொருவராகச் சொல்கிறான் முபாரக்: மூக்கை நம்பாதே, வெள்ளையைப் பார்த்தால் ஓடு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஊரிடம் நானே சொல்லப்போகிறேன். கேட்டுக்கு வந்து நிற்கட்டும். நானும் அவர்களோடு நிற்கிறேன்.

ஜனவரி 18, ஞாயிறு

பூசை முடிந்ததும் பேசினேன். என் குரல் கொஞ்சம் அதிகம்தான் ஏறிவிட்டது. நாளை காலை ஊர் கேட்டுக்கு வருகிறது. தேவநாதன் சார் விழாப் பந்தலுக்கு ஆள் பிடிக்கவேண்டாம், ஆள் தானாக வரும்.

அக்கா கடையைக் காலி பண்ணிவிட்டாள். நான் சொல்லவில்லை. "துர்நாற்றம்னு போட்டுருக்கான். இது நீ எழுதுனது இல்லன்னு பாத்ததுமே தெரிஞ்சுட்டு. இத நம்பி அங்க இருக்க முடியாது" என்றாள். கோயில் முக்கில் நான் கொட்டகை போட்டேன். ஜெசிந்தா பாத்திரங்களைத் தூக்கினாள். பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்து சவாரி வந்தான்.

கடைசியாக அக்கா ஒரு சாக்கைப் பிரித்தாள். உள்ளே அந்தப் பழைய மஞ்சள் தகரம். பிளாண்டின் குப்பையில் கிடந்ததைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். இடுக்கி நுழைத்த கால் அப்படியே இருந்தது.

"அடுப்புக்கு மேல மாட்டுல. நேரா மாட்டு."

கையிலிருந்த ஸ்பானராலேயே ஆணி அடித்தேன். நேராகத்தான் மாட்டினேன். கொஞ்சம் கோணல் என்றாள். மறுபடி அடித்தேன். ரோட்டில் எங்கள் பிளாண்ட் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள். "ஏல, இன்னும் கொஞ்சம் மேல" என்றாள். ஏற்றினேன்.

வீட்டுக்கு வந்து அதே ஸ்பானரால், அளவு சரியான வாஷர் போட்டு, பாத்ரூம் குழாயையும் முடித்தேன்.

இன்று கொண்டல். டீ சூடாக இருந்தது.